உங்கள் வீட்டில் இருந்த அந்தம்மா

போன வாரம் புது டி.வி. மாட்ட ஒருவர் வந்திருந்தார். பழைய ஸ்டாண்டை நகர்த்தியபோது, அதன் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு டி.வி.டி. கிடந்தது. உறை இல்லை. தூசியைத் துடைத்துப் பார்த்தேன். மார்க்கர் பேனாவால் எழுதிய உங்கள் எழுத்து: "தீவுப் படம். முடிவு சந்தேகம். மறுபடி பார்க்கணும்."

"பழசும்மா, இதப் போட ப்ளேயரே இப்ப யாருகிட்டயும் இல்ல. தூக்கிப் போட்டுடவா?" என்றார் அவர். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போனபின் புது டி.வி.யைப் போட்டுப் பார்க்கவில்லை. மேசையில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். நீங்கள் போய் இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது. இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதினால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்ற பயம்தான் காரணம்.

நமக்குக் கல்யாணமான புதிதில் காரைக்காலில் நாம் பார்த்த முதல் படம் ஒரு டபுள் ஆக்ட் படம். நல்லவன் ஒருவன், அவனைப் போலவே இருக்கும் கெட்டவன் ஒருவன். கெட்டவன் நல்லவன் வீட்டுக்குள் புகுந்து பெற்ற தாய் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிறான். தியேட்டரே உச்சுக் கொட்டியது. வெளியே வந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நீங்கள் கேட்டீர்கள்: "அது எப்புடி ஒரு அம்மாவுக்குத் தெரியாமப் போவும்? ஒசரம், நட, கை வெச்சு சாப்புடற விதம், ஒண்ணு கூடவா இடிக்கல?" நான் சிரித்துவிட்டேன். அரை இருட்டில் பிழியப் பிழிய அழுதுவிட்டு வந்தவளிடம், நடை உயரம் பற்றிக் கணக்குக் கேட்ட புது மாப்பிள்ளை நீங்கள் ஒருவர்தான் இருந்திருப்பீர்கள்.

நில அளவைத் துறையில் உங்கள் வேலை அப்படி. டேப்பும் சங்கிலியுமாக அம்பகரத்தூர்ப் பக்கம் வயல்களில் நாள் முழுக்க நிற்பீர்கள். வரைபடம் ஒன்று சொல்லும், வரப்பு இன்னொன்று சொல்லும். ஒரே எல்லைக் கல்லைக் காட்டி அண்ணன் ஒரு சத்தியம் பண்ணுவான், தம்பி ஒரு சத்தியம் பண்ணுவான். "ரெண்டு பேருமே பொய் சொல்லல வசந்தா. ரெண்டு பேருமே நம்புறானுங்க. அதுதான் சிக்கல்" என்று ஒருநாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னீர்கள். உங்களுக்கு அந்த மாதிரிப் படங்கள் ஏன் பிடித்தன என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நம் மீனா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வருடங்களில், டவுனில் வாடகைக்கு டி.வி.டி. கொடுக்கும் கடை ஒன்றைப் பிடித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு ஜன்னலை எல்லாம் சாத்தி, ஹாலில் பாயை விரித்து உட்காருவோம். எந்த நாட்டுப் படமோ, என்ன மொழியோ. கீழே ஓடும் எழுத்தை நீங்கள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவீர்கள். காண்பதெல்லாம் நிஜம்தானா என்று கதாநாயகனுக்குச் சந்தேகம் வருகிற படமாகத் தேடித் தேடி எடுத்து வருவீர்கள். நான் ஒருமுறை அலுத்துக்கொண்டேன். "நம்ம படத்துல வயக்காட்டுல நிக்கறவங்க பாட்டு வந்ததும் பனிமலையில ஆடிட்டுத் திரும்ப வயக்காட்டுக்கே வந்துடறாங்க. யாராச்சும் இது நிஜமான்னு கேக்கறமா? ஒங்க வெள்ளக்காரனுக்குத்தான் எல்லாத்துலயும் சந்தேகம்." நீங்கள் படத்தை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் யோசித்தீர்கள். "நமக்குத் திரும்பி வரத் தெரியும். அந்தப் படத்துல இருக்கறவனுக்கு வழி தெரியல. அதான் வித்தியாசம்" என்றீர்கள்.

தீவுப் படத்தை மறக்க முடியுமா? குளிரில் உறைந்த ஒரு தீவு. விளக்குக் காவலனும் மனைவியும் மட்டும் அங்கே இருக்கிறார்கள். ஒருநாள் படகில் அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது, கரையில் இருந்து, கணவனின் கையெழுத்தில். "வேலை முடியவில்லை, அடுத்த மாதம் வந்துவிடுவேன்" என்று. அதைப் படிக்கும்போது அதே கணவன் எதிரில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருக்கிறான். மாதாமாதம் கடிதம் வருகிறது. கடைசிக் காட்சியில் அவள் கடிதத்தை எதிரில் இருப்பவனுக்கே வாசித்துக் காட்டுகிறாள். அவன் கேட்டுக்கொண்டே அடுப்பில் விறகு தள்ளுகிறான். அவ்வளவுதான் படம்.

உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டுல ஒருத்தன் பொய்யி. யாருன்னு சொல்லாம முடிச்சா எப்புடி?"

"அவளுக்கு ரெண்டு பேரும் வேணும்ங்க" என்றேன் நான்.

"வேணும்னா ஆயிடுமா? அளந்து ஒரு பக்கமா கல்ல நடணும்" என்றீர்கள். அந்த டி.வி.டி.யைக் கடையில் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், கடைக்காரரிடம் பேசி விலைக்கே வாங்கிவிட்டீர்கள்.

இன்னொரு படம். அதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். விபத்தில் நினைவு தப்பிய ஒருவன். மகன் செத்துப்போனது அவனுக்கு ஞாபகமில்லை. மகன் வெளியூரில் நன்றாக இருப்பதாக அந்தத் தெருவே சேர்ந்து அவனை நம்பவைக்கிறது. எனக்கு அது அன்பாகத் தெரிந்தது. உங்களுக்கோ முகம் சிவந்துவிட்டது.

"சுத்தி இருக்கறவனெல்லாம் சேந்து ஒருத்தனுக்கு நாடகம் போடறாங்களே, இது கொலைய விடப் பெரிய பாவம். அவன் நிக்கறதுக்குத் தரையே இல்லாமப் பண்றாங்க." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "எனக்கு அப்படி ஏதாச்சும் ஆனா நீ உண்மையச் சொல்லிடணும். என்ன ஆனாலும் சரி."

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே "சரிங்க" என்றேன். அது ஒரு வாக்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் ஓய்வு பெற்று நாலைந்து வருடம் கழித்து ஒருநாள் ஹாலை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தீர்கள். இரண்டு அங்குலம் குறைகிறது என்றீர்கள். வயதான காலத்து விளையாட்டு என்று நினைத்துவிட்டேன். அடுத்த மாதம் ஒரு காலையில் காப்பி டம்ளரை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. என்னை உச்சி முதல் கால்வரை பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டீர்கள்: "நீங்க யாருங்க? வசந்தா எங்க போயிருக்கு?"

முப்பத்தாறு வருடம் என்னை 'நீ' என்று மட்டுமே அழைத்தவர். கோபத்தில் 'ஏய்' என்றிருக்கிறீர்கள், பிரியத்தில் 'இந்தா பாரு' என்றிருக்கிறீர்கள். 'நீங்க' என்றதே இல்லை. அந்த ஒரு மரியாதையில் நான் வீட்டுக்கு வெளியே போய்விட்டேன்.

"நாந்தாங்க வசந்தா."

"சாயல் அப்படியேதான் இருக்கு. நல்லா டபுள் ஆக்ட்டு குடுக்கறீங்க. ஆனா நீங்க அது இல்ல."

தஞ்சாவூரில் பார்த்த நரம்பு மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கண் முகத்தைச் சரியாகத்தான் பார்க்கிறது. ஆனால் முகத்தைப் பார்த்ததும் 'நம்ம ஆள்' என்று உள்ளே ஒன்று இளகுமே, அந்த இணைப்பு அறுந்துவிட்டது. முகம் இருக்கிறது, இளக்கம் வரவில்லை. அதனால் இது யாரோ வேஷம் போட்டு வந்திருக்கிறார்கள் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. சண்டை போட்டு நிரூபிக்க முயலாதீர்கள் என்றார். கட்டிய மனைவியைப் பார்த்து, இவள் வேறு யாரோ என்று மிரண்டு விலகிய கணவனின் கதையை வருடாவருடம் மாங்கனி இறைத்துக் கொண்டாடும் ஊர் நம்முடையது. அந்தக் கூட்டத்தில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். விலகிப் போனவனின் பயத்தைப் பற்றி ஒருமுறையும் யோசித்ததில்லை.

நான் உங்கள் வீட்டில் 'அந்தம்மா' ஆனேன். அந்தம்மா சமைத்ததைச் சாப்பிடுவீர்கள், மீதம் வைக்காமல். சாப்பிட்டதும் "ரொம்ப சிரமம் ஒங்களுக்கு" என்பீர்கள். அந்தம்மா ஹாலில் படுத்தால் நீங்கள் அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வீர்கள்.

ஒருநாள் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். என் செல் அடித்தது. நீங்கள்.

"வசந்தா, எங்க இருக்க நீ? எத்தன நாளாச்சு. வீட்ல ஒரு பொம்பள இருந்துச்சு, இப்ப அதுவும் எங்கயோ போயிடுச்சு. நீ சீக்கிரம் வா."

'நீ' என்றீர்கள். கத்தரிக்காய்க் கூடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். குரலுக்கு உள்ளே வேறு வழி இருக்கும் போலிருக்கிறது. அந்த வழி அறுந்துபோகவில்லை.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நான் கொல்லைப்புறம் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து உங்களுக்குப் போன் பண்ணினேன். திருச்சியில் மீனா வீட்டில் இருப்பதாகவும், பேரனைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னேன். நீங்கள் என்னிடம் எல்லாம் பேசுவீர்கள். அந்தம்மா குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல் என்பதுகூட. பேசி முடித்து உள்ளே வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க. என் சம்சாரம் பேசுச்சு" என்பீர்கள்.

மீனா ஒருநாள் கேட்டாள்: "இது அப்பாவ ஏமாத்துறது இல்லையாம்மா?" அந்தப் படத்தில் வந்த தெருக்காரர்களைப் போலத்தான் நானும் ஆகிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஒவ்வொரு மத்தியானமும் உங்கள் காலடியில் இருந்து கொஞ்சம் தரையை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, தாங்க முடியாமல், போனில் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன், பயப்படாதீங்க. வீட்ல இருக்கற அந்தம்மா வேற யாருமில்ல. நாந்தாங்க. கொல்லையில ஒக்காந்துதான் பேசுறேன்."

உங்கள் குரல் ரகசியமாக இறங்கியது.

"வசந்தா, அது பக்கத்துல நிக்குதா? மெரட்டிச் சொல்லச் சொல்லுதா? பேச முடியலன்னா இருமு. ஒரு தடவ இருமு போதும்."

அழுகையை அடக்க அடக்க, இருமல் வந்துவிட்டது.

நான் முகம் கழுவி உள்ளே வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. பஸ் நிறுத்தத்தில்தான் உங்களைக் கண்டுபிடித்தேன். ஆபீஸ் போகிற மாதிரி முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு, திருநள்ளாறு போகிறவர்களின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே நின்று, திருச்சி பஸ் எப்போது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னைக் காப்பாற்றக் கிளம்பியிருந்தீர்கள்.

"வாங்க, வீட்டுக்குப் போவலாம்" என்று கையைப் பிடித்தேன்.

உதறினீர்கள். "யாராச்சும் போலீஸக் கூப்புடுங்க! இந்தம்மா என் சம்சாரத்தப் புடிச்சு வெச்சிருக்காங்க!"

கூட்டம் சுற்றிக்கொண்டது. ஒருவர் என்னைக் கேட்டார்: "நீங்க யாரும்மா?"

"அவரோட சம்சாரம்."

"பெரியவரே இல்லைங்கறாரே?"

என்னை நான்தான் என்று காட்ட என்னிடம் என்ன இருந்தது? ரேஷன் கார்டு வீட்டில். நெற்றிப் பொட்டும் தாலியும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அத்தனை கண்களும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தபோது, நாம் பார்த்த படங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எல்லாவற்றிலும் கேமரா சந்தேகப்படுகிறவன் பக்கம்தான் இருந்தது. அவன் கண்ணால் பார்த்து, அவன் பயத்தைப் பயந்து, அவனுக்காக நாம் தவித்தோம். சந்தேகிக்கப்படுகிறவள் பக்கம் ஒருவரும் கேமராவை வைக்கவில்லை. அவள் கையில் காப்பி டம்ளரோடு நிற்கிற நேரம் எவ்வளவு நீளமானது என்று யாரும் எடுத்துக் காட்டவில்லை.

நான் கூட்டத்தை விட்டு விலகி டீக்கடைக்குப் பின்பக்கம் போனேன். உங்கள் சட்டைப் பையில் இருந்த செல்லுக்குப் போன் பண்ணினேன்.

"ஏங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். கொஞ்ச முன்னாடி சொன்னதெல்லாம் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது. யாரும் என்னைய மெரட்டல."

"அப்ப இது யாரு? எதுக்கு நம்ம வீட்ல இருக்கு?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "நாந்தாங்க அனுப்பி வெச்சேன், ஒங்களப் பாத்துக்கச் சொல்லி. நல்லவங்க. அவங்களோட வீட்டுக்குப் போங்க."

"நீ அனுப்புன ஆளா? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல?" என்றீர்கள். உங்கள் குரலில் இருந்த நிம்மதியை இன்றும் என்னால் தாங்க முடிவதில்லை. நான் திரும்பி வந்தபோது கூட்டத்தாரிடம் நீங்களே விளக்கிக்கொண்டிருந்தீர்கள். "ஒண்ணுமில்லைங்க, நம்ம வீட்டு ஆளுதான். என் சம்சாரம் அனுப்பியிருக்கு."

நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இதைத்தான். நீங்கள் கேட்டு நான் கொடுத்த வாக்கை ஒருமுறை காப்பாற்றிப் பார்த்தேன், அது உங்களைத் தெருவில் நிறுத்தியது. அதற்குப் பிறகு தெரிந்தே, முழு மனதோடு, கடைசிவரை பொய் சொன்னேன். நீங்கள் கொலையைவிடப் பெரிய பாவம் என்றதைச் செய்தேன். நிஜம் எது என்று கல் நட்டுக் காட்டுவதா, நடுங்குகிறவனுக்கு நிற்க ஓர் இடம் கொடுப்பதா என்ற கேள்வி வந்தபோது, நான் இடத்தைக் கொடுத்தேன். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. உங்களிடம் கேட்டிருக்க முடிந்தால் கேட்டிருப்பேன்.

ஆனால் அந்தப் பொய்க்குப் பின்னால் நமக்கு நல்ல நாட்கள் வந்தன. அறைக் கதவைத் தாழிடுவதை விட்டுவிட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூச்சத்தோடு கேட்டீர்கள்: "படம் பாப்பீங்களாங்க?" ஜன்னல்களைச் சாத்தினேன். தீவுப் படத்தைத்தான் போட்டீர்கள். கீழே ஓடும் எழுத்தைப் பழையபடி தமிழில் சொன்னீர்கள், இந்த முறை 'ங்க' போட்டு.

"என் சம்சாரம் படம் பாக்கறப்ப குறுக்க குறுக்கப் பேசும். நீங்க சத்தமில்லாமப் பாக்கறீங்க" என்று பாராட்டினீர்கள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

படம் முடிந்ததும் கேட்டீர்கள். "எவன் நிஜம்னு தோணுது ஒங்களுக்கு?"

"அவளுக்கு ரெண்டு பேரும் வேணும்ங்க."

சட்டென்று திரும்பினீர்கள். என் முகத்தையே பார்த்தீர்கள். உள்ளே எதையோ தேடுகிற பார்வை. பிறகு மெல்லத் தலையை ஆட்டினீர்கள். "என் சம்சாரமும் இதேதான் சொல்லுச்சு. அப்பக் கோவிச்சிக்கிட்டேன்."

மறுநாள் மத்தியானம் போனில் வசந்தாவிடம் சொன்னீர்கள்: "அந்தம்மாவுக்குப் பொங்கலுக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுக்கணும். நீ பாத்து வாங்கி அனுப்பு. நீ திரும்பி வந்ததும் அவங்கள வெரட்டிடாத, பாவம்."

நானே கடைக்குப் போய், நானே நிறம் பார்த்து எடுத்து, கூரியரில் வந்ததாகச் சொல்லி உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அதன்மேல் புடவையை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினீர்கள். முப்பத்தாறு வருடத்தில் எனக்கு நீங்கள் அப்படி ஒரு புடவை கொடுத்ததில்லை. வசந்தாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை விடவே இல்லை. சளி கட்டி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலாம் நாள் காலை. அரசலாறு கரை தொட்டு ஓடுவதாக நர்ஸ் பேசிக்கொண்டிருந்தார். மீனா திருச்சியில் இருந்து கிளம்பியிருந்தாள். நீங்கள் என் பக்கம் திரும்பி, "வசந்தாவுக்கு ஒரு போன் போட்டுத் தர்றீங்களா?" என்றீர்கள்.

உங்கள் கையை விட்டுவிட்டு வெளியே போனால்தான் நான் உங்கள் மனைவி. கையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருந்தால் அந்தம்மா. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று நான் நின்ற நேரம் உங்களுக்குத் தெரியாது. வராந்தாவுக்குப் போனேன். நர்ஸ் உங்கள் காதில் போனை வைத்தார்.

"ஏங்க..."

"வசந்தா. மழ பெய்யுதா அங்க?"

"பெய்யுதுங்க. நான் கெளம்பிட்டேன். வந்துடறேன்."

"அவசரப்படாத. இங்க அவங்க இருக்காங்க, என்னையப் பாத்துக்கறாங்க. ரோடெல்லாம் தண்ணி. நீ மெதுவா வா."

போனை வைத்துவிட்டு ஓடி வந்து உங்கள் கையை மறுபடி பிடித்துக்கொண்டேன். "வந்துட்டு இருக்குதாம்" என்று என்னிடம் சொன்னீர்கள். அந்தம்மாவின் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டீர்கள். மீனா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, மழைச் சத்தத்துக்குள்ளேயே, போய்விட்டீர்கள்.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கடைசியிலாவது உங்களை அடையாளம் கண்டுகொண்டாரா?" இல்லை என்று சொன்னால் முகம் வாடிப்போகிறார்கள். அவர்களுக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. ஒருத்தியைக் கையால் பிடித்துக்கொண்டும், இன்னொருத்திக்காகக் காத்துக்கொண்டும் நீங்கள் போனீர்கள். இரண்டு பேருமே உங்களைத் தனியாக விடவில்லை. எனக்கு அது போதும்.

மழை பெய்கிற நாட்களில் மீனா போன் பண்ணி, தனியாக இருக்காதே, திருச்சிக்கு வந்துவிடு என்கிறாள். வருகிறேன் என்கிறேன், போவதில்லை. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் எனக்கு இப்போது எதிலும் பதற்றமில்லை. என்னிடம் சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறீர்கள், அவசரப்படாதே என்று. மெதுவாகத்தான் வருகிறேன்.